வாய்க்கால் வளைவில் சரிந்த மூட்டை: கயிறா, அடுக்கா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருக்கிறேன். பழைய ஆறு சக்கர லாரி ஒன்று வாங்கி, கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஓட்டுகிறேன். வண்டியின் வெற்று எடை 6,000 கிலோ. 250 மூட்டை ஏற்றுவோம். போன மாதம் வாய்க்கால் கரை வளைவில் இடது பக்க மேல் அடுக்கு சரிந்து 11 மூட்டை தண்ணீரில் விழுந்துவிட்டது. ஓட்டுகிற பையன், கயிறு போதாது, கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட் வாங்குங்கள் என்கிறான். லோடு பிடித்துத் தரும் புரோக்கர், இன்னும் 50 மூட்டை ஏற்றினால் தன் எடையிலேயே அமுங்கி நிற்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பையனை மாற்றிவிடலாமா?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். பையன் சொல்வது அரைகுறை. புரோக்கர் சொல்வது ஆபத்து.

முதலில் அந்த 50 மூட்டை விஷயத்தை முடித்துவிடுகிறேன். எடை கூடினால் மூட்டைக்கும் மூட்டைக்கும் உள்ள பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் வளைவில் மூட்டையை வெளியே தள்ளுகிற விசையும் அதே எடையால்தான் வருகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் பிடிப்பில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. உயரம்தான் ஏறியிருக்கும். உயரம் ஏறினால் வண்டியே சாயப் பார்க்கும். அன்றைக்கு மூட்டை விழுந்தது. 50 மூட்டை கூடுதலாக இருந்திருந்தால் வண்டியே வாய்க்காலில் கிடந்திருக்கும்.

சட்டக் கணக்கையும் பாருங்கள். உங்கள் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்து லோடோடு சேர்த்த மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். பழைய ஆறு சக்கர வண்டி என்றால் பெரும்பாலும் 16,200 கிலோ இருக்கும். வெற்று எடை 6,000 போனால் மிச்சம் 10,200. ஓட்டுநர், உடன் வருகிறவர், தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி என்று ஒரு 200 கிலோ கழியுங்கள். ஒரு மூட்டை நெல் 40 கிலோ, சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் 246 மூட்டை. நீங்கள் ஏற்றுகிற 250 ஏற்கெனவே விளிம்பைத் தாண்டியாகிவிட்டது.

புரோக்கருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்காதீர்கள். 2018-ல் மத்திய அரசு இரண்டு ஆக்ஸில் (சக்கர அச்சு) லாரியின், அதாவது உங்களுடையதைப் போன்ற ஆறு சக்கர வண்டியின், எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதைப் பிடித்துக்கொண்டு, "சட்டமே மாறிடுச்சு, தாராளமா ஏத்துங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் 6 டன்னோடு 300 மூட்டையைச் சேர்த்தால் 18 டன்னுக்குச் சற்று மேல் வரும். அந்த 50 என்ற எண் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். எடை மேடையில் நிறுத்தினால் அவர் வாய்ச்சொல் நிற்காது, உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கிற எண்தான் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் மூட்டையை இறக்குகிற செலவும் உங்களுடையது. "செக்கிங் நான் பாத்துக்கறேன்" என்கிறவர் பெயர் அந்த ரசீதில் இருக்காது. உங்கள் வண்டி நம்பர் இருக்கும். விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் காகிதமே எடைச் சீட்டுதான். நாற்பது வருஷத்தில் எத்தனையோ வண்டி முதலாளிகள் நொடித்துப்போனதைப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு லோடு பிடித்துக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட நொடித்துப்போய் நான் பார்த்ததில்லை.

இனி மூட்டை ஏன் சரிந்தது என்பதற்கு வருகிறேன். கயிறு லோடைத் தாங்குகிறது என்றுதான் இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். லோடைத் தாங்குவது அடுக்கு. அந்த அடுக்கு கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் கயிற்றின் வேலை. நான் கிளீனராகச் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த டிரைவர், தஞ்சாவூர்க்காரர், கயிறு போடுவதற்கு முன்னால் லோடின் மேல் ஏறி ஓரத்திலேயே நடந்து வருவார். காலடியில் ஒரு மூட்டை அசைந்தாலும் அந்த அடுக்கைப் பிரிக்கச் சொல்வார். "மூட்டை படுத்துத் தூங்கணும்டா தம்பி, உக்காந்திருக்கக் கூடாது" என்பார். உட்கார்ந்திருக்கிற மூட்டை முதல் பள்ளத்திலேயே எழுந்துவிடும்.

படுக்க வைப்பது எப்படி? முன்பக்கம் கேபினை ஒட்டிய பலகையில் மூட்டை இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும். அங்கே ஒரு சாண் இடம் விட்டால், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் திடீரென்று பிரேக் போடும்போது மொத்த லோடும் அந்த ஒரு சாணுக்கு ஓடும். ஓடிய லோடு தளர்ந்த லோடு. ஓர் அடுக்கு நீளவாக்கில் போனால் அடுத்தது குறுக்குவாக்கில், கொத்தனார் செங்கல் வைப்பதுபோல இணைப்பின் மேல் இணைப்பு வராமல் போக வேண்டும். தைத்த வாய் உள்பக்கம் இருக்க வேண்டும். பக்கப் பலகை உயரம் வரைக்கும் யார் அடுக்கினாலும் நிற்கும், பலகை பார்த்துக்கொள்ளும். திறமையெல்லாம் பலகைக்கு மேலே வருகிற அடுக்கில்தான். அங்கே ஒவ்வொரு வரிசையும் நாலு விரல்கடை உள்ளே வாங்க வேண்டும். ஓரத்து மூட்டையின் வெளிப்பக்கம் சற்றுத் தூக்கலாக, மூட்டை லோடின் நடுவைப் பார்த்துச் சாய்ந்து கிடக்க வேண்டும். உங்கள் வண்டியில் பலகைக்கு மேலே சுவர் வைத்ததுபோல நேராக ஏற்றியிருப்பார்கள், சரிந்தது அதுதான். அந்த அடுக்கில் பிளாஸ்டிக் சாக்கு கலந்திருந்ததா என்றும் விசாரியுங்கள். சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வழுக்கும். கலந்து வந்தால் பிளாஸ்டிக் சாக்கெல்லாம் பலகைக்குக் கீழேயே போய்விட வேண்டும்.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 25 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வாய்க்கால் வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், மூட்டையை வெளியே தள்ளும் விசை அதன் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல். அதே வளைவில் 40-ல் திரும்பினால் எடையில் பாதி. ஒவ்வொரு மூட்டையையும் ஒரு ஆள் பக்கவாட்டில் 20 கிலோ பலத்தோடு தள்ளுவதற்குச் சமம். பத்து கிலோமீட்டர் வேகம்தானே கூடியது என்று பையனுக்குத் தோன்றும். விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது.

ராட்செட் பெல்ட் கெட்ட பொருள் இல்லை. டிராக்டரையோ பம்பு செட்டையோ ஏற்றினால் அதுதான் சரி. மூட்டை அப்படியல்ல. கிளம்பி முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நெல் அமுங்கி லோடு இறங்கும். இறங்கினால் பெல்ட்டும் தொளதொளக்கும், கயிறும் தொளதொளக்கும். அந்த நேரத்தில் நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டாதவன் எதை வைத்துக் கட்டினாலும் ஒன்றுதான். கயிற்றிலேயே நல்ல இழுப்பு கிடைக்கும். மேலிருந்து வருகிற கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, நுனியைக் கீழே பாடிக் கொக்கியில் சுற்றி, மேலே கொண்டுபோய் அந்தக் கண்ணுக்குள் விட்டு, உடம்பு எடையைப் போட்டு இழுக்க வேண்டும். கணக்குப்படி மூன்று மடங்கு இழுப்பு. உராய்வில் கொஞ்சம் போனாலும் வெறும் முடிச்சைவிட எவ்வளவோ மேல். பலகை விளிம்பில் கயிறு உரசுகிற இடத்தில் ஒரு பழைய சாக்கை மடித்து வையுங்கள். தார்ப்பாயில் பின்பாயை முதலில் விரித்து, முன்பாயை அதன் மேல் ஏற்றி விரியுங்கள், காற்று புகாது. மணிலா கயிறு மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் நனைந்தால் இன்னும் நீளும். எந்தக் கயிறானாலும் மழை விட்டதும் ஒரு சுற்று வந்து உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் முழு லோடுக்கு. ஒரு விஷயத்தில் மட்டும் இது போதாது, அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அது இரண்டு இடத்தில் இறக்குகிற லோடு. ஒரு கிடங்கில் 120 மூட்டைக்குத்தான் இடம் இருக்கிறது, மிச்சத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோ என்பார்கள். லோடுமேன்கள் பின் கதவைத் திறந்து, கைக்கு எட்டின வாக்கில் எடுத்துக்கொண்டே போவார்கள். முடிக்கும்போது மிச்ச லோடு பின்பக்கம் செங்குத்தான சுவராக நிற்கும். கயிறு அவிழ்ந்து கிடக்கும். "அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று தார்ப்பாயை மேலே எறிந்துவிட்டுக் கிளம்புவார்கள். நான் வாழ்க்கையில் பறிகொடுத்த ஒரே லோடு இப்படித்தான் போனது, கும்பகோணம் தாண்டி, மாலை நேரத்தில். பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் மயிரிழையில் தப்பினார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, பாதி இறக்கியதும் வண்டியை எடுக்காதீர்கள். அந்தச் சுவரைப் படிக்கட்டாக்குங்கள்: மேல் வரிசை மூட்டைகளை எடுத்துப் பின்னால் காலியான வண்டித் தளத்தில் பரப்பி, மூன்று நான்கு படியாக இறக்குங்கள். எதுவும் பக்கப் பலகைக்கு மேலே நிற்க வேண்டாம், இடம்தான் இருக்கிறதே. எடை பின் ஆக்ஸிலுக்கு முன்புறமாக இருக்கட்டும். பின் கதவோரம் குவிந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. ஒருபக்கமாகவும் குவியக் கூடாது. பிறகு புதிதாகக் கயிறு போடுங்கள், பழைய சுற்றை இழுத்துச் சரிசெய்வது போதாது. இதற்கு அரைமணி நேரம் ஆகும். லோடுமேன் செய்ய மாட்டேன் என்பார், அவர் மேல் தப்பில்லை. ஏற்றுகூலி உண்டு, இறக்குகூலி உண்டு, மறுபடி அடுக்குவதற்கென்று கூலி யார் கணக்கிலும் கிடையாது. இரண்டு இடத்தில் இறக்கச் சொல்கிற ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்க இத்தனை வருஷமாக யாருக்கும் மனசு வரவில்லை. விழுந்த மூட்டைக்கு மட்டும் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் கைக்காசு கொஞ்சம் கொடுத்தாவது செய்யச் சொல்லுங்கள்.

வண்டியையும் ஒரு கண் பாருங்கள். இடது பக்கம்தானே சரிந்தது? நம் பக்கத்துச் சாலைகள் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தவை. எதிரே பேருந்து வந்தால் லாரிதான் இடப்பக்கம் இறங்கி வழி விடுகிறது. இடது கமான் பட்டை (லோடைத் தாங்குகிற வில் பட்டை) முதலில் சோர்ந்துபோவதை எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) இடையே இரண்டு பக்கமும் டேப் வைத்து அளவெடுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருந்தால் பட்டைக் கட்டைப் பிரிக்க வேண்டும். சென்டர் போல்ட், யு போல்ட் பார்க்க வேண்டும். ஒரு பட்டை கூடச் சொருகி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய வண்டி என்கிறீர்கள், அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். விற்றுக்கொடுத்த தரகர் சேஸிஸுக்குப் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தாரா? பின் கமான் தொங்கலுக்கு மேலேயும் கேபினுக்குப் பின்னாலும் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். வெடிப்பை பெயின்ட் மறைக்கும். வேதாரண்யம் உப்பு ஏற்றிய வண்டியாக இருந்தால் ரிவெட் தலையெல்லாம் அரித்திருக்கும். முன்னால் என்ன லோடு ஓடியது என்று பழைய டிரைவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள், தரகரைக் கேட்காதீர்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது அந்த ஒருநாளைக்கு உண்மை.

காலையில் கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வரும் பழக்கம் முன்பு எல்லோருக்கும் இருந்தது. பிரேக்குக்கான ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது, ஜோடி டயரில் உள் டயரை இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பது, சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டியபின் நட்டை மறுபடி முடுக்குவது. பத்து நிமிஷ வேலை.

கடைசியாக அந்தப் பையன். மாற்றாதீர்கள். கனரக லைசென்ஸ் கொடுக்கும்போது ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். ஒரு கயிறு கட்டிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கிளீனராக நாலைந்து வருஷம் கூடவே போய்க் கற்றுக்கொள்கிற வழக்கமும் போய்விட்டது, இப்போது பல வண்டியில் கிளீனரே இல்லை. கேட்கப்படாத பாடத்தை அவன் எங்கே படிப்பான்? திருத்துறைப்பூண்டியிலோ மன்னார்குடியிலோ லாரி நிற்கிற இடத்தில், வேலையை விட்டு ஓய்ந்திருக்கிற பழைய டிரைவர் ஒருவர் கண்டிப்பாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டு நாள் சம்பளம் கொடுத்து, அடுத்த இரண்டு லோடுக்குப் பையனோடு ஏற்றி அனுப்புங்கள். லோடு ஏற்றும்போது நீங்களும் மேலே ஏறி நில்லுங்கள்.