ஒப்பந்தம் இருக்கிறது, மாணவர் போகவில்லை: எங்கே தொடங்குவது?

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் துறைத்தலைவராக இருக்கிறேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இதுவரை ஒரு மாணவர்கூட ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படித்துவிட்டு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மாணவர் அங்கே எழுதும் தேர்வு இங்கே மதிப்பெண் பட்டியலில் எப்படி ஏறும்? பொதுவான ஒப்பந்தத் தாளில் இதற்கு விடை இருக்காது. விடை இல்லாதவரை மாணவர் போகத் துணியமாட்டார், துணியவும் கூடாது. எனவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். வெளிநாட்டில் படித்த பாடத்துக்கெனத் தனிப் பாடக் குறியீடு வேண்டும். அதற்குக் கல்விக்குழுவின் ஒப்புதல் வேண்டும். மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டும் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்தவர் பெயருக்கு எதிரே ஐந்து பாடங்கள் அரியராக நிற்கும்.

அடுத்தது கிரெடிட், அதாவது பாடத்தின் படிப்புச் சுமையை அளக்கும் அலகின் கணக்கு. ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 40. ஆக, நம்முடைய 4 கிரெடிட் அங்கே 6. ஆனால் அங்கே பல பாடங்கள் 5 கிரெடிட்டில் இருக்கும், மாற்றினால் 3.33 வரும். பாடத்துக்குப் பாடம் பொருத்தப் பார்த்தால் இந்தப் பின்னத்திலேயே கோப்பு முடங்கிவிடும். அங்கே 30 கிரெடிட் முடித்தால் இங்கே ஒரு செமஸ்டரின் 20 கிரெடிட் என்று மொத்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள். விருப்பப் பாடங்கள் அதிகமுள்ள செமஸ்டரைத் தேர்ந்தால் இது எளிது. வெளிநாட்டில் பெறும் கிரெடிட்டுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகள், படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடிக்கும் இரட்டையிணைப்புப் (ட்வின்னிங்) படிப்புகளுக்கு 30 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்துள்ளன. 120 கிரெடிட் பட்டப்படிப்பில் அது 36. ஒரு செமஸ்டர் அதற்குள் அடங்கிவிடும்.

மதிப்பெண் மாற்றத்தில்தான் மாணவருக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. பிரான்சில் 20-க்கு 10 எடுத்தால் தேர்ச்சி; 14 நல்ல மதிப்பெண், 16-க்கு மேல் அரிது. அந்த 14-ஐ நேராக நூற்றுக்கு மாற்றினால் 70. இங்கே 85 வாங்கிக்கொண்டிருந்த மாணவி அங்கே நன்றாகப் படித்தும் தரவரிசையில் சரிந்துவிடுவார். ஜெர்மனியில் 1 உச்சம், 5 தோல்வி. அங்கே நேர் விகிதத்துக்கே இடமில்லை. எந்த மதிப்பெண் இங்கே எந்த கிரேடு என்ற அட்டவணையை முன்கூட்டியே இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது முடியாவிட்டால் கிரெடிட்டையும் தேர்ச்சியையும் மட்டும் பதியுங்கள். சராசரியில் சேர்க்க வேண்டாம். அங்கே ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வு வருவதற்குள் மாணவர் ஊர் திரும்பியிருப்பார். அதற்கு ஈடான பாடத்தை இங்கே எழுத வழிசெய்யும் வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பொதுவாக அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நடக்கும்; நம் இரண்டு செமஸ்டர்களையும் அது கெடுக்கும். செப்டம்பரில் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் முடியும் பிரான்ஸ், நெதர்லாந்து, அயர்லாந்து பல்கலைக்கழகங்கள் நம் ஐந்தாம் செமஸ்டருக்கு ஒத்துவரும். 90 நாளுக்கு மேல் தங்க நீண்டகால விசா தேவை. அதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

பணம் இல்லாமல் அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் போக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் பயணப்படியும் உண்டு. விண்ணப்பிக்க வேண்டியது ஐரோப்பியப் பல்கலைக்கழகம். கடைசி நாள் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். முந்தைய செப்டம்பரிலேயே பாட அட்டவணை, மாணவர் எண்ணிக்கை, பொறுப்பாசிரியர் பெயர் மூன்றையும் அனுப்பிவிட்டால் அவர்கள் உங்களையும் சேர்த்து விண்ணப்பிக்க வாய்ப்பு அதிகம்.

எப்படிப் பார்த்தாலும் போகிறவர்கள் சிலர்தான். மீதி வகுப்புக்கு, அங்குள்ள ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து ஆறு வாரக் கூட்டுப்பணி நடத்துங்கள்: இங்கிருந்து இருவர், அங்கிருந்து இருவர் என நால்வர் குழு, ஒரே சிக்கல், கூட்டாக ஓர் அறிக்கை. அக மதிப்பீட்டில் குறைந்தது 10 மதிப்பெண் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வாரமே குழு கலைந்துவிடும். பிற்பகல் 2.30 வசதியான நேரம். கோடையில் பாரிசில் அப்போது காலை 11, குளிர்காலத்தில் 10. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த வார வகுப்பு நேரத்தை இரு பக்க மாணவர்களுக்கும் முன்னதாகவே எழுதி அனுப்பிவிடுங்கள்.