கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த ஊருக்கு மறுபடி புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது, என்ன தயார் செய்வது?

நீங்கள் கேட்டதைப் பார்த்தால், கஜாவுக்குப் பிறகு புதிதாகத் தென்னங்கன்று வைத்து, அது இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தோப்பும் அப்படித்தான். ஊர் வேதாரண்யம் பக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை, முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றது. புயல் போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் மாட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். அப்பா வாசலில் நின்று யாரையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. தப்பி நின்ற மரங்களும் அதில்தான் போயின. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் அடங்கும். கரையைக் கடந்து முடிந்தது என்று ரேடியோவில் சொல்லும்வரை வெளியே வராதீர்கள்.

மழை பிடிப்பதற்குள் முற்றிய காய்களை இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துவிடுங்கள். தலைப்பாரம் குறையும். தண்ணீர் பாய்ச்சுவதையும் நிறுத்துங்கள், மண் இளகியிருந்தால் மரம் வேரோடு சாயும். ‘கழித்த மரமும்தானே விழுந்தது’ என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். விழுந்தது, மறுக்கவில்லை. எல்லாப் புயலும் கஜா வேகத்தில் வருவதில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

காற்று ஒரு ராத்திரி. அப்புறம் கரண்ட் இல்லாத வாரங்கள்தான் எங்களை வதைத்தன. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்த புயல் அது. போர் மோட்டார் ஓடாவிட்டால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்புங்கள். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் இப்போதே வாங்குங்கள். பெரியவர்களின் சுகர், பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

மரங்கள் நிற்கும்போதே தோப்பைத் தேதியோடு படம் எடுத்து, பட்டா, சிட்டா, அடங்கலோடு பாலித்தீன் பையில் வையுங்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அப்போது அரசு அறிவித்தது. எங்கள் பட்டா தாத்தா பெயரில் இருந்ததால், கணக்கெடுக்க வந்தவர் எழுதவே மாட்டேன் என்றார். அம்மா அவரிடம் கெஞ்சியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ‘டெல்டாவில் நெல் போடாமல் ஏன் தென்னை வைத்தீர்கள்?’ என்று நகரத்திலிருந்து கேட்கிறார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வந்திருந்தால் எங்கள் தாத்தா வயலைத் தோப்பாக்கியிருக்க மாட்டார். தண்ணீர் வராத வருடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.