கிளிநொச்சி என்று எழுதிப் பாருங்கள்

வணக்கம் அண்ணா,

நான் கிளிநொச்சியில் டிசைன் டிப்ளோமா இரண்டாம் வருடம் படிக்கிறேன், வீடு விசுவமடு. அடுத்த மாதம் எங்கள் வகுப்பு 26 பேரையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரே நாளில் மூன்று ஐடி கம்பனிகள். போன வருடம் போய்வந்த அக்காமாரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஏசி நல்லா இருந்தது, ரீசேட் தந்தவை, படம் எடுத்தனாங்கள்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

எனக்கு ஆங்கிலம் கதைக்கப் பயம். அதைவிட, அங்கே என்ன கேட்கவேணும் என்றே தெரியாது. அப்பா "படம் கீறுறதுக்குக் கம்பனிக்காரன் சம்பளம் தருவானோ" என்று கேட்கிறார், அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் எங்களுக்குக் கொஞ்சம் பெரிய காசுதான். போவதில் பிரயோசனம் இருக்கிறதா? என்னுடைய டிசைன்களை எல்லாம் கொண்டு போகவேணுமா?

ச.

அன்புள்ள ச.,

போங்கள். காசைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு விளங்குகிறது, ஆனாலும் போங்கள். அக்காமார் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எனக்கும் அதேதான் நடந்தது.

2013இல் நான் வவுனியாவில் ஒரு அச்சகத்தில் வேலை செய்துகொண்டு பின்னேரங்களில் படித்தேன். எங்களையும் கொழும்பில் ஒரு கம்பனிக்குக் கூட்டிப்போனார்கள், பெயர் வேண்டாம். இரவு முழுக்க பஸ். விடிய ஒரு இடத்தில் முகம் கழுவி, சேட்டை மாற்றி, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு போனோம். ஒரு ஹோலில் இருத்தி 40 நிமிடம் வீடியோ போட்டார்கள். எந்தெந்த நாட்டில் அலுவலகம், எத்தனை பேர், கரம் விளையாட ஒரு அறை. பிறகு ஒரு மிஸ் வந்து கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றா. யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவன் எழும்பிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், மிஸ்ஸும் சிரித்தா, பதில் மட்டும் வரவில்லை. மாலு பணிசும் பால் பக்கெற்றும் தந்தார்கள். வேலை நடக்கிற இடம் ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தக் கதவு ஒரு தடவை திறந்து மூடியபோது ஒருவருடைய முதுகும் அவருடைய திரையில் ஒரு மூலையும் தெரிந்தன. 250 கிலோமீற்றர் அளவு போய் நான் பார்த்த டிசைன் வேலை அவ்வளவுதான்.

பிறகு அதே கொழும்பில் நானும் அப்படியொரு கதவுக்குப் பின்னால் சில வருடம் இருந்தேன். அப்போது மாணவர்கள் வந்தால் வரவேற்பது என் பொறுப்பு, அதனால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லலாம். மாணவர்கள் வருகிற நாளில் முதல் வேலை சுவரைத் துப்புரவாக்குவதுதான். ஒட்டியிருக்கிற மஞ்சள் துண்டுகள், வெட்டிக் கிறுக்கிய தாள்கள், வேண்டாம் என்று விட்ட பத்துப் பதினைந்து வரைவுகள், இன்னும் வெளிவராத வேலைகள் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். வாடிக்கையாளருடைய இரகசியத்தைக் காப்பதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதனால் அதைக் குறை சொல்லமுடியாது. ஆனால் என்ன நடக்கிறது என்றால், நீங்கள் பார்க்க வந்த சாமானையே நீங்கள் வருவதற்கு முன்னர் ஒளித்துவிட்டு, கரம் போர்டைக் காட்டுகிறோம்.

அதனால் போய் நின்று கேட்கவேண்டிய முதல் விஷயம் இதுதான்: ஏற்கெனவே வெளிவந்துவிட்ட ஏதாவது ஒரு வேலையின் பழைய வரைவுகளைக் காட்டமுடியுமா? வெளிவந்த வேலை என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். திரைகளை டிசைன் செய்கிற மென்பொருளான ஃபிக்மாவில் அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு பக்கம் முழுக்கக் கைவிட்ட திரைகளாக இருக்கும், சில இடங்களில் அதற்குப் பெயரே சுடலை. இது ஏன் விடப்பட்டது, யார் வேண்டாம் என்றார்கள், டிசைனரா, எஞ்சினியரா, காசு கொடுத்தவரா என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில், அங்கே டிசைனருடைய சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்பது தெரிந்துவிடும். சம்பளத்தைவிட அது முக்கியம் என்று சொல்ல வரவில்லை, சம்பளமும் முக்கியம்தான், ஆனால் அதை 26 பேருக்கு முன்னால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

சரி, அப்பாவுடைய கேள்விக்கு வருகிறேன். அதைச் சும்மா தட்டிவிடாதீர்கள். அவர் ஏ.ரி.எம்மில் காசு எடுக்கப் போகும்போது ஒரு நாள் கூடப் போங்கள். மூன்று மொழிப் பட்டன் வரும், தமிழை அமத்துவார். இரண்டு திரை தமிழில் போகும். பிறகு ஏதாவது ஒரு இடத்தில், காசு போதாது என்றோ கார்ட்டை எடு என்றோ சொல்லவேண்டிய இடத்தில், ஆங்கிலம் வந்து நிற்கும். கடைசியில் வருகிற துண்டு முழுக்க ஆங்கிலம். நான் போகிற மெஷினில் இதுதான் நடக்கிறது. அப்பா பின்னால் நிற்கிற பெடியனைக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்றால், அது அவருடைய படிப்பறிவின் குறை இல்லை, அந்தத் திரைகளை வரிசைப்படுத்தியவர் செய்யாமல் விட்ட வேலை. அந்த வேலையைச் செய்வதற்குத்தான் சம்பளம். படம் கீறுவது அதில் கால்வாசிகூட வராது. யார் பாவிப்பார்கள் என்று போய்ப் பார்த்துக் கேட்பவர் ஒருவர், திரைகளை அடுக்குபவர் ஒருவர், நிறமும் எழுத்தும் பார்ப்பவர் ஒருவர், சின்னக் கம்பனி என்றால் மூன்றும் ஒரே ஆள். பிறகு எஞ்சினியரோடு இருந்து "இது வராது", "வரும், நான் பார்த்திருக்கிறேன்" என்று சண்டை பிடிப்பதும் அந்த ஆள்தான்.

இப்போது முக்கியமான விஷயம். வெறுங்கையோடு போகாதீர்கள். டிசைன்களைச் சொல்லவில்லை. நான் முதல் இன்டர்வியூவுக்கு 40 கலியாணக் கார்ட்டும் சாமத்தியவீட்டு பேனர்களும் கொண்டு போனேன், பாமினி எழுத்துருவில் அடித்து கோரல்ட்ரோ மென்பொருளில் செய்தவை, எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. இன்டர்வியூ செய்தவர் ஒன்றை எடுத்து, "இதில் மண்டபத்தின் பெயரைவிட மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் ஏன் பெரிதாக இருக்கிறது?" என்று கேட்டார். காசு கட்டியவர் அவர் என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு முழித்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை எடுத்திருப்பார்கள், அது நல்ல பதில். ஆகவே ஒரேயொரு வேலையைப் போனில் வைத்திருங்கள், முதல் கிறுக்கலில் இருந்து கடைசி வரை, எங்கே ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லக்கூடிய மாதிரி. அது போதும்.

நான் கொண்டு போகச் சொல்வது இங்கே கண்ட ஒரு விஷயத்தை. கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட உள்ள கொமினிகேசன் கடை ஒன்றில் அரை நாள் இருந்து பாருங்கள். ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப எத்தனை பேர் வருகிறார்கள்? சனம் வந்து அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு நிற்கும், கடைப் பெடியன் அடித்துக்கொண்டே போவான், ஒரு இடத்தில் அவனும் நிற்பான். எந்த இடத்தில் நிற்கிறான் என்று கொப்பியில் எழுதுங்கள். விலாசத்தில் வீதி இலக்கம் கட்டாயம் என்று கேட்கும், எங்களுடைய ஊரில் எத்தனை வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது? அவன் ஒரு சைபரைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிற இடத்தில் அம்மாவுக்குத் தன் கடைசிப் பெயர் எது என்று தெரியாது, தகப்பன் பெயரா புருசன் பெயரா என்று அங்கேயே ஒரு வாக்குவாதம் நடக்கும். ஜேக்கப் நீல்சன் என்கிற பாவனைத்திறன் நிபுணர் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார், ஒரு தடவைக்கு ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுரை அது, சொன்னால் உடனே பிடிபடும். கொழும்பில் அந்த ஐந்து பேரைப் பிடிக்க ஆள் தேடி, நேரம் குறித்து, அன்பளிப்பும் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அரை நாளில் பதினைந்து பேர் வரிசையில் வருவார்கள். ஒருவருடைய அடையாள அட்டையையும் படம் எடுத்துவிடாதீர்கள், அது மட்டும் கவனம்.

இன்னொன்றும் கொண்டு போகலாம், அது இன்னும் லேசு. கிளிநொச்சி, முல்லைத்தீவு. இந்த இரண்டு சொல்லும்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை. கிளிநொச்சியில் மூன்று விசிறி (இகரத்தின் மேல் வளைவு), ஒரு குற்று (மெய்யெழுத்தின் புள்ளி), நகரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் அரவும். முல்லைத்தீவில் லகரத்துக்கு முன்னால் வருகிற ஐகாரக் கொம்பு, அப்புறம் தீயன்னாவின் சுழி. தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத மென்பொருளில் இவற்றை ஒட்டிப் பாருங்கள், கொம்பு போய்ப் பிழையான பக்கத்தில் நிற்கும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு புள்ளி வட்டம் வரும். அடோபி மென்பொருள்களில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற வேர்ல்ட் ரெடி என்கிற தெரிவைப் போடாமல் தமிழ் அடித்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். எழுத்து சரியாக வந்தாலும், ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் விசிறியின் மேல் வளைவு வெட்டுப்பட்டுப் போகும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற சப்மிட் பட்டன் தமிழில் "சமர்ப்பிக்கவும்" ஆகும்போது பட்டனுக்கு வெளியே தொங்கும். பிழை சொல்வதோடு நிற்காமல் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் போன்ற இலவச யுனிகோட் எழுத்துருக்களில் அதே சொல்லைப் போட்டுப் பார்த்து, எதற்கு எவ்வளவு வரி உயரம் வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனீர்கள் என்றால், அந்த அறையில் அதைப் பற்றி உங்களுக்குத்தான் கூடத் தெரிந்திருக்கும். 13ஆவது திருத்தம் வந்தது 1987இல், அதிலிருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. ஆனால் திரைக்கு வரும்போது தமிழைக் கடைசி வாரத்தில்தான் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் எக்செல் கோப்பாக அனுப்பி எடுத்து ஒட்டுகிறார்கள். நானும் ஒட்டியிருக்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு குழுவில் ஒரு பிள்ளை இருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அது மட்டும் ஒரு ஓரத்து மொனிற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கிட்டப் போனேன். "அண்ணா, அந்த நொவில கொம்பு தனியா நிக்குது" என்று சொல்லிச்சு. மாவட்டத்தைத் தெரிவுசெய்கிற பட்டியல் அது, எங்கள் ஆட்கள் அதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். எங்கள் தலைமை டிசைனர் சிங்களவர், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது, கதிரையை இழுத்துப் போட்டு அந்தப் பிள்ளையை இருத்தி இன்னும் என்னென்ன பிழை என்று கேட்டார். பதினைந்து நிமிடத்தில் ஒன்பது பிழை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, உண்மையான வேலைக்கு முன்னால் இருந்தது அன்று அந்தப் பிள்ளை மட்டும்தான். அதற்காக வேலை கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள், கொடுக்கவில்லை, அந்த வருடம் பயிற்சிக்கு இடமே இருக்கவில்லை. ஆனால் தலைமை டிசைனருடைய மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டுதான் போனது, பிறகு இரண்டு தரம் எழுதிக் கேள்வி கேட்டதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை அவரோடு கதைத்தது எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? அரைகுறை ஆங்கிலம், அதற்குள் நாலு சிங்களச் சொல், மிச்சம் விரலால் காட்டியது. கொழும்புக் கம்பனிக் கூட்டங்களிலேயே ஆங்கிலமும் சிங்களமும் கலந்துதான் ஓடும், இலக்கணம் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. மூன்று கேள்வியை முன்கூட்டியே எழுதி, வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பாருங்கள். உங்கள் சேரிடம் சொல்லி, தமிழ் தெரிந்த ஒருவர் அன்று இருப்பாரா என்று கேட்டு வைக்கலாம், அநேகமாக இருப்பார்.

சேரிடம் இன்னொன்றும் கேளுங்கள், மூன்றை இரண்டாக்கமுடியுமா என்று. மருதானையில் இருந்து இன்னொரு இடத்துக்குப் போகக் கொழும்பு ட்ராஃபிக்கில் ஒரு மணித்தியாலம் போய்விடும், மூன்றாவது கம்பனியில் பாதிப் பேர் நித்திரை. ஒரு கம்பனியிலாவது 26 பேரையும் ஒரேயடியாக ஹோலில் இருத்தாமல் ஐந்தாறு பேராகப் பிரித்து, டிசைனர்மாரின் மேசைக்குக் கிட்ட அரை மணித்தியாலம் விடச் சொல்லி முதலே கடிதத்தில் கேட்கலாம். கேட்டால் செய்வார்கள், நாங்கள் செய்திருக்கிறோம், கேட்டவர்கள்தான் குறைவு. கொழும்பு சரிவராதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் மாதிரியான அமைப்புகளின் நிகழ்வுகள் இருக்கின்றன, விடியப் போய்ப் பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். இரணைமடுப் பக்கம் வயலுக்குள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனை எடுத்து, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்துள்ள ஒரு அப்பைத் திறந்து பாருங்கள். ஒன்றும் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு இருக்கவேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது, அந்தக் கணக்கை எட்டினாலும் எங்களுடைய வெயிலுக்கு அது மட்டுமட்டுத்தான். ஏசி அறையில் இருந்து பார்க்கிறவர்களிடம் இதையும் கேட்டுப் பாருங்கள், இதை எங்கே வைத்துச் சோதித்தீர்கள் என்று.

பஸ் முறிகண்டியில் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற நேரத்தில் கச்சான் வாங்குங்கள், இரவு நீளம். போவதற்கு முதல் அப்பாவிடம் அந்த ஏ.ரி.எம் துண்டு ஒன்றை வாங்கி, கணக்கு இலக்கத்தை மையால் அழித்துவிட்டு, கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து எழுதுங்கள், ரீசேட் என்ன நிறம் என்பதையும் சேர்த்து.