ரேப்பிட் சிட்டியில் ‘விடுதிப் பள்ளி’ என்று சொல்லும் முன்

அன்புள்ள தம்பி,

தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டிக்கு வந்து மூன்று மாதங்களாகின்றன என்றும், உடன் வேலை செய்யும் லக்கோட்டா என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண்மணியிடம் ‘உங்கள் மகனை ஒரு நல்ல விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமே’ என்று அக்கறையோடு சொன்னபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனார் என்றும் எழுதி, அதில் தவறு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் 14 ஆண்டுகளாக வாழ்கிறேன். வந்த புதிதில் நானும் ஏறக்குறைய இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தைக் கோயில் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு குடும்பம் நடுங்கக்கூடும் என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

1868இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசுக்கும் லக்கோட்டா மக்களுக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கை, நாம் இப்போது வாழும் கருமலைப் (பிளாக் ஹில்ஸ்) பகுதியை, அவர்கள் மொழியில் பஹா சாபாவை, அவர்களுக்கே உரியதாக ஏற்றுக்கொண்டது. 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை அரசு தரும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருந்தது. 1874இல் மலையில் தங்கம் இருப்பது தெரிந்தது, 1877இல் மலை பறிபோனது. இரண்டே ஆண்டுகளில், 1879இல், பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் பழைய படைமுகாம் ஒன்றில் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்ற இராணுவ அதிகாரி ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார். அதற்கு முன்பு ஃபுளோரிடாவின் ஒரு கோட்டையில் பழங்குடிக் கைதிகளுக்குக் காவலராக இருந்தவர் அவர். ‘இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று’ என்பதே அவருடைய கல்விக் கொள்கை; ‘இந்தியன்’ என்று இங்கே சொல்வது அமெரிக்கப் பழங்குடியினரை. அங்கே முதலில் கொண்டுசெல்லப்பட்டவர்கள் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஆகிய பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதிகளைச் சேர்ந்த லக்கோட்டாப் பிள்ளைகள்.

சேர்ந்தவுடன் முடியை வெட்டினார்கள். லக்கோட்டா மக்களிடம் முடியை வெட்டிக்கொள்வது துக்கத்தின் அடையாளம் என்பதை அறிந்தால், அந்தக் கத்தரிக்கோல் அப்பிள்ளைகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பது விளங்கும். ஓட்டா க்டே என்ற சிறுவனின் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, கரும்பலகையில் எழுதியிருந்த, அவனால் படிக்கவே முடியாத பெயர்களில் ஒன்றைத் தொடச் சொன்னார்கள்; அவன் தொட்ட பெயரால் லூதர் ஆனான். பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற எழுத்தாளராக அறியப்பட்டவர் அவர்தான். தாய்மொழியில் பேசினால் தண்டனை, அரை நாள் பாடம், அரை நாள் வேலை. அங்கேயே இறந்து புதைக்கப்பட்ட ரோஸ்பட் பிள்ளைகள் ஒன்பது பேரின் எச்சங்கள் 2021இல்தான் ஊர் திரும்பின. இவ்வளவும் எங்கோ தொலைவில் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள்: நம் நகரத்தின் மேற்குப் பகுதியிலேயே 1898 முதல் 1933 வரை இத்தகைய பள்ளி இயங்கியது.

பெற்றோர் ஏன் அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த காட்டெருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டபின் அரசு தரும் உணவுப் பங்கீடே அவர்களுக்கு வாழ்வாதாரம்; பிள்ளையை அனுப்ப மறுப்பவரின் பங்கீட்டை நிறுத்திவைக்க 1893இல் சட்டமே வழி செய்தது. அவர்களின் சமயச் சடங்கான சூரிய நடனமும் மருத்துவச் சடங்குகளும் 1883இலேயே குற்றங்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. 1890 டிசம்பரில் லக்கோட்டாத் தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்டதும், இரண்டு வாரங்களில் ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லக்கோட்டா மக்களைப் படுகொலை செய்ததும் நீங்கள் முன்பே படித்தவையாக இருக்கலாம்.

ஆயினும் அவர்கள் பணிந்தே கிடந்தார்கள் என்று நினைப்பது தவறு. தேசபக்தி விழா என்று அனுமதி கிடைத்த ஜூலை 4ஆம் தேதியையே தங்கள் நடனங்களுக்கும் கொடை வழங்கும் சடங்குகளுக்கும் மறைவாக்கிக்கொண்டார்கள். அதிகாரிகள் தம் கொடிக்கு மரியாதை நடப்பதாக நினைத்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மலையை எடுத்துக்கொண்டதற்கு அரசு உரிய இழப்பீடு தர வேண்டும் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு உறுதிசெய்த 10 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை இன்றுவரை அவர்கள் தொடவில்லை. வட்டியோடு அது 100 கோடியைத் தாண்டிவிட்டது. வறுமையில் இருப்பவர்கள் அதை வாங்கிக்கொண்டால் என்ன என்று நம்மவர் சிலர் சொல்வதைக் கேட்பீர்கள். வாங்கினால் விற்றதாக ஆகிவிடும் என்பதுதான் அவர்களின் பதில்.

அந்தப் பெண்மணி கல்விக்கு எதிரானவர் என்றும் கொள்ள வேண்டாம். 1880இல் ஸ்பாட்டட் டெயில் என்ற ரோஸ்பட் தலைவர் கார்லைலுக்கு நேரில் சென்று, தம் பிள்ளைகள் படைவீரர்களைப்போல் நடத்தப்படுவதைக் கண்டு, அங்கேயே அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். லக்கோட்டா மொழியில் அவர் பெயர் சிந்தே க்லெஷ்கா. 1971இல் ரோஸ்பட் மக்கள் தாங்களே தொடங்கிய கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருப்பது அந்தப் பெயரைத்தான்.

திங்கட்கிழமை அவரைப் பார்க்கும்போது, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நம் ஊர் விடுதிகளின் பெருமையை விளக்க வேண்டாம். அவர் பாட்டி எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்கவும் வேண்டாம். ‘நானும் இந்தியன்தான்’ என்ற நகைச்சுவையை அவர் நமக்கு முன் வந்த எல்லோரிடமும் கேட்டுச் சலித்திருப்பார். அக்டோபரில் இங்கே நடக்கும் பவ்வாவ் என்ற பழங்குடி நடன விழாவுக்கு எவரும் போகலாம், குடும்பத்தோடு போங்கள். ஊர்வலம் உள்ளே நுழையும்போது எழுந்து நில்லுங்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.