முன்பணம் கட்டுவதற்கு முன்: புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி தேடும் வழி

கேள்வி: எங்கள் ஊர் ஆண்டிபட்டிக்கு அருகே இருக்கிறது. அம்மாவுக்கு 53 வயது. மார்பில் கட்டி என்று காட்டப் போனோம். பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ஆகும், முதலில் இரண்டு லட்சம் கட்டுங்கள் என்கிறார்கள். பெற்றோர் இருவரும் விவசாயக் கூலிகள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. இன்னும் திருமணமாகவில்லை. ஊரில் இருக்கும் மூன்று சென்ட் இடத்தை விற்றுவிடலாமா? வேலையை விட்டுவிட்டு அம்மாவுடன் இருந்துவிடலாமா? உதவி என்று யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: இடத்தை விற்கும் பேச்சை இரண்டு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். வேலையை இப்போது எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கு இருக்கும் மிகப் பெரிய உதவி அந்த வேலையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புற்றுநோய் மருத்துவமனைகளின் உதவி மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசுக் காப்பீடானாலும் பிரதமர் நிவாரண நிதியானாலும், இந்த உதவிகளில் பெரும்பாலானவை இனி வரப்போகும் செலவுக்குத்தான் கிடைக்கும்; கட்டி முடித்த பில்லுக்குக் கிடைக்காது. பணமும் உங்கள் கைக்கு வராது, மருத்துவமனையின் கணக்குக்குத்தான் போகும். நகையை விற்று முதல் இரண்டு கீமோவை முடித்துவிட்டு, மூன்றாவதற்குக் காசில்லாதபோது ரசீதுகளை அடுக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறவர்களே அதிகம். அந்த ரசீதுகளை வைத்துக்கொண்டு எங்களால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. ஆகவே அந்த இரண்டு லட்சத்தைக் கட்டுவதற்கு முன்னால் இருக்கும் இந்த நாட்கள்தான் உங்களுக்கு முக்கியமானவை. இதற்காகச் சிகிச்சையை ஆறப்போடச் சொல்லவில்லை. கீழே சொல்லும் வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலானவை ஓரிரு வாரத்தில் முடியக்கூடியவை.

முதலில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பலர் இதைத் தங்களுக்குக் காய்ச்சல், தலைவலி வந்தால் மாத்திரை வாங்கும் இடம் என்றே நினைத்திருக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளியின் குடும்பத்துக்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு; குடும்பம் என்பதில் அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அடக்கம். பெற்றோரின் எல்லா வகை வருமானமும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய்க்கு மிகக் கூடாது என்பதே நிபந்தனை. புற்றுநோய் போன்ற உயர் சிகிச்சைக்குத் தொழிலாளி குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். தொடர்ந்து நான்கு ஆண்டுகளாகப் பிடித்தம் இருப்பதால் உங்களுக்கு அது தடையாகாது. நாளைக் காலையிலேயே கம்பெனி அலுவலகத்தில் உங்கள் இ.எஸ்.ஐ. பதிவில் அம்மா, அப்பா பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்காது, வேலைக்குச் சேர்ந்த அன்று அவசரத்தில் நிரப்பிய படிவம் அது. ஆதார் விவரமும் புகைப்படமும் கொடுத்தால் இணையத்திலேயே சேர்த்துவிடுவார்கள். நீங்கள் திருப்பூரிலும் அவர்கள் ஊரிலும் இருப்பதால், குடும்பத்துக்கு மட்டும் ஊருக்குப் பக்கத்து மருந்தகத்தைத் தனியாகக் குறிக்க வழியிருக்கிறது. அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு மருந்தகத்தில் இருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும், அங்கே வசதியில்லாத சிகிச்சைக்கு அவர்களோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கும் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். கடிதத்தோடு போனால் பணம் கட்டத் தேவையில்லை. கடிதம் வாங்காமல் நேரே போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். புதிதாக அட்டை எடுக்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுக்குச் சிக்கல் இங்கேதான் வரும். திருமணமாகாத உங்கள் பெயரும் பெற்றோரின் ரேஷன் அட்டையில் இருந்தால், குடும்ப வருமானத்தில் உங்கள் சம்பளமும் சேரும். அதுவே ஆண்டுக்கு 1,92,000 ஆகிறது. சம்பளத்தை மறைத்துச் சான்று வாங்கும் யோசனையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் முன்பே எடுத்த அட்டை வீட்டில் இருக்கக்கூடும். கிராமங்களில் முகாம் போட்டு அட்டை கொடுத்த காலத்தில் வாங்கி, பீரோவில் வைத்து மறந்த குடும்பங்கள் ஏராளம். அட்டையே தொலைந்திருந்தாலும் ரேஷன் அட்டையைக் கொண்டுபோனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் புரோக்கர்.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். கீமோ என்றால் சுற்றுக்குச் சுற்று அனுமதி. அறிக்கையில் ஒரு தாள் குறைந்தாலோ பெயர் பொருந்தாவிட்டாலோ அனுமதி நிற்கும். நான் பார்த்த ஒரு பெண்மணிக்கு ஆதாரில் பாண்டியம்மாள், ரேஷன் அட்டையில் பாண்டியம்மா. அந்த ‘ள்’ என்ற ஒரே எழுத்துக்காக நான்கு நாட்கள் அவர் மருத்துவமனை வராந்தாவில் மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ஆகவே இன்றே அம்மாவின் ஆதார், ரேஷன் அட்டை, பயாப்ஸி அறிக்கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் வயதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை, அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த அட்டையும் பயன்படாமல் போனாலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சேர்ந்த பாலரெங்காபுரம் புற்றுநோய் மையம் உங்கள் ஊரில் இருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ளது. எல்லோருக்கும் சென்னைக்கே போய்விட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது; அது இயல்புதான். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வசதியற்றவர்களைக் காசுக்காகத் திருப்பி அனுப்பாத மரபு உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்பது வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று வாரமோ ஐந்து வாரமோ தினமும் போய்வரும் சிகிச்சை. கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை. இத்தனை முறை அம்மாவோடு யார் போவது, எங்கே தங்குவது, அப்பாவின் கூலி எத்தனை நாள் போகும் என்று கணக்குப் போட்டால், அருகில் இருக்கும் மையம் பல குடும்பங்களுக்கு மேலானது என்பது என் கருத்து. சந்தேகத்துக்கு ஒருமுறை சென்னையில் காட்டிச் சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, மதுரையில் தொடரலாம்.

மருத்துவமனை மாறும்போது வெறும் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் (பிளாக் என்று கேட்டால் தெரியும்) கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு), ஸ்கேன் எடுத்த இடத்தில் சிடியையும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாவிட்டால் புதிய இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்வார்கள். பணமும் பத்து நாளும் போகும்.

தனியார் மருத்துவமனையிலேயே தொடர்வதென்று முடிவெடுத்தால், ஆறரை லட்சம் என்ற மொத்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு, கீமோ எத்தனை சுற்று, ஒவ்வொன்றிலும் என்ன மருந்து, கதிர்வீச்சுக்கு எவ்வளவு என்று பிரித்து, மருத்துவமனையின் தலைப்புத் தாளில் கையொப்பத்தோடு கேளுங்கள். பயாப்ஸி அறிக்கையில் ஹெர்-2 (கட்டியின் செல்களில் பார்க்கும் ஒரு புரதம்) என்ற வரியைப் பாருங்கள். அது பாசிட்டிவ் என்றிருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியை ஏறக்குறைய ஓராண்டு போடச் சொல்வார்கள்; அது மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதில் பல லட்சம் வித்தியாசம் வரும். அந்த ஊசிக்கு 2014 முதல் இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. 2019-இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. அப்படியிருந்தும் ஒரே மருந்து, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு விலையில் இருக்கிறது. மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் வெளியே மொத்தக் கடைகளிலும் விலை விசாரியுங்கள். வெளியில் வாங்கி வரலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரித்தெழுதிய அந்த மதிப்பீட்டுத் தாள்தான் மற்ற எல்லா விண்ணப்பங்களுக்கும் அடிப்படை. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு அதோடு வருமானச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் சேர்த்து அனுப்ப வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாக அனுப்புவது வழக்கம். செலவில் ஒரு பகுதிதான் கிடைக்கும். தேனி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனுக் கொடுக்கலாம். அடையாறு போன்ற மண்டலப் புற்றுநோய் மையங்களில் சேரும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோய் நோயாளர் நிதி என்று ஒன்று உண்டு. அதை நோயாளி நேரே கேட்க முடியாது, மருத்துவமனையே செய்ய வேண்டும். ஆகவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் நாளே மருத்துவச் சமூகப் பணியாளர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். அறக்கட்டளைகளின் கதவும் பெரும்பாலும் அவர் வழியாகவே திறக்கிறது. இணையத்தில் நிதி திரட்டும் தளங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் படமும் நோயும் ஊரறியப் போகும் என்பதால் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

உங்கள் கையிலேயே இருக்கும் இன்னொரு பணம் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.). பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதில் இருந்து முன்பணம் எடுக்கலாம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பயணம், சாப்பாடு, வாடகை, அப்பாவின் விடுபட்ட கூலி என்று எந்தத் திட்டமும் தராத செலவுகளுக்காக இதை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை முன்பணத்தில் கரைத்துவிடாதீர்கள். அந்தச் சில்லறைச் செலவுதான் குடும்பத்தைக் கந்துவட்டிக்குத் தள்ளுகிறது.

சென்னைக்குப் போவதானால் ரயிலில் போங்கள். சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். 2023 முதல் போடிநாயக்கனூரில் இருந்து தேனி வழியாகச் சென்னைக்கு நேரடி ரயிலும் வந்துவிட்டது. மருத்துவமனை ரயில்வே படிவத்தில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடுத்த தேதிக்கான படிவத்தை மறக்காமல் கேளுங்கள். பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். ஆண்டிபட்டியில் இருந்து மதுரைக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். அதற்கான இயன்முறைப் பயிற்சியும், வலி தணிப்புச் செவிலியர் வருகையும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

வேலை விஷயத்துக்கு மீண்டும் வருகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு இ.எஸ்.ஐ. சம்பளத்தோடு விடுப்புத் தராது. அந்தப் பணப்பயன் தொழிலாளியே நோயுற்றால்தான். ஆகவே கீமோ நாட்களுக்கு மட்டும் விடுப்புக் கேட்டு, மற்ற நாட்களுக்கு உறவில் ஒரு சித்தியையோ அத்தையையோ துணைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டும் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டுவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் உரிமை வரும். அரையாண்டில் 78 நாளுக்குக் குறைந்து சந்தா கட்டியிருந்தால் அதற்குரிய காலத்தின் பயன்கள் சிக்கலாகும். அம்மாவின் கட்டி ஹார்மோன் சார்ந்ததாக இருந்தால், கதிர்வீச்சு முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தினம் ஒரு மாத்திரை இருக்கும். கம்பெனி மாறுவதாக இருந்தாலும் இடையில் மாதக்கணக்கில் வெறுமனே இருந்துவிடாமல், புதிய இடத்திலும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுத்துத் தொடருங்கள்.