முன்விளக்கில் உறையும் பனி: கேள்வி பதில்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 19 ஆண்டுகளாக வாகனம் திருத்தும் தொழிலில் இருக்கிறேன். பனிக்காலத்தில் முன்விளக்கை மூடும் பனியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். பற்றரி, ரயர் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் நகரிலிருந்து: அண்ணா, பழைய வாகனத்தில் பத்து வருடம் ஓடியும் விளக்கில் பனி ஒட்டியதில்லை. புதிதாக வாங்கியதில் பாரி நகரைத் தாண்டுவதற்குள் வெளிச்சமே இல்லாமல் போய்விட்டது. விளக்கில் பழுதா?

பழுது இல்லை. உங்கள் பழைய வாகனத்தில் இருந்தது, உள்ளிருக்கும் இழை சூடாகி எரியும் ஹலோஜன் விளக்கு. அது எடுத்துக்கொள்ளும் 55 வாட்டில் சிறு பங்குதான் வெளிச்சமாகிறது; மிச்சமெல்லாம் வெப்பம், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி ஒளியோடு சேர்ந்தே முன்னால் சென்று விளக்கின் முகத்தைச் சூடாக்குகிறது. புதிய வாகனத்தில் இருப்பது எல்ஈடி. அது பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அதே வெளிச்சத்தைத் தருவதோடு, தன் வெப்பத்தைப் பின்பக்கத்து உலோகத் தகட்டின் வழியாக இயந்திரப் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே விளக்கின் முகம் வெளிக்காற்றின் குளிரிலேயே இருக்கிறது. ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வீசும் பனிப்புயலும், முன்னால் போகும் லொறி வாரி இறைக்கும் உப்புச் சேறும் அதில் பட்டவுடன் ஒட்டிக்கொள்கின்றன.

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சாலைச் சைகை விளக்குகளை எல்ஈடிக்கு மாற்றியபோதும் இதுவே நடந்தது. சிவப்பா பச்சையா என்று தெரியாதபடி பனி மூடிக்கொண்டதால் நேர்ந்த விபத்துகள் 2009ஆம் ஆண்டிலேயே செய்தியாயின.

இதில் என்னைக் கவலைப்படுத்துவது, வெளிச்சம் குறைவதை ஓட்டுபவர் உணராமல் போவதுதான். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, கண்ணும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது, நகரத்துக்குள் தெருவிளக்குகள் குறையை மறைத்துவிடுகின்றன. கடைசித் தெருவிளக்கைக் கடந்த பிறகுதான் முன்னால் இருட்டு என்பது தெரியவருகிறது. ஆகவே புறப்படும் முன் ஒருமுறை துடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பனி கொட்டும் நாளில் ஒவ்வொரு இளைப்பாறும் நிலையத்திலும் இறங்கித் துடைக்க வேண்டும்.

ஏஜக்ஸிலிருந்து: கேத்தலில் கொதிக்கவைத்த நீரை ஊற்றினால் உடனே கரையுமே?

ஊற்றக் கூடாது. பழைய கண்ணாடி விளக்கானால் வெடிக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் முகமானால் மேற்பூச்சு பாதிக்கப்படலாம். கரைந்து வழியும் நீர் விளக்கைச் சுற்றியுள்ள இடுக்குகளிலும் பொனற் பூட்டிலும் இறங்கிச் சில நிமிடங்களில் மீண்டும் உறையும்.

பிரம்டனிலிருந்து: அப்படியானால் எதைக் கொண்டு அகற்றுவது?

முன்கண்ணாடியைச் சுரண்டும் கருவி கண்ணாடிக்கென்றே செய்யப்பட்டது. விளக்கின் முகமோ பொலிகார்பனேற் என்னும் பிளாஸ்டிக், அதன் மேல் வெயிலைத் தாங்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. சுரண்டினால் பூச்சில் கீறல் விழும், கீறல் ஒளியைச் சிதறடிக்கும், பூச்சு போன இடம் வெயிலில் மஞ்சளாகும். மென்மையான தூரிகையால் பனியைத் தள்ளிய பின், மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் இரண்டு பங்கும் நீர் ஒரு பங்கும் கலந்து தெளித்து, ஒரு நிமிடம் பொறுத்து, மென்மையான துணியால் துடையுங்கள்.

கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தில் மைனஸ் 40 என்று குறித்ததைத் தெளித்தாலும் கரையும். ஆனால் அதில் இருப்பது மெதனோல், குடித்தால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. அதைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வாகனத்துக்குள் வைக்கவே கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவம், தின்னர், பெற்றோல் ஆகியவை பிளாஸ்டிக்கை மங்கச் செய்து வெடிப்பு விழவைக்கும்.

விற்பியிலிருந்து: சமையல் எண்ணெய் பூசினால் ஒட்டாதாமே?

எண்ணெயில் உப்பும் தூசும் ஒட்டி வெளிச்சம் இன்னும் மங்கும். சுத்தமான முகத்தில் வாகன மெழுகு பூசினால் சில நாள்களுக்குத் துடைப்பது எளிதாகும், பனி வராமல் நிற்காது.

பிக்கரிங்கிலிருந்து: கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் பரவாயில்லையா?

வேண்டாம். அதுவும் வழிந்து உறையும் நீர்தான்.

மிசிசாகாவிலிருந்து: என் வாகனம் ஹலோஜனோடு வந்தது. இணையத்தில் எல்ஈடி பல்ப் வாங்கிப் போட்டிருக்கிறேன், நல்ல வெளிச்சம். தொடரலாமா?

கழற்றிவிடுங்கள். உங்கள் விளக்கின் பிரதிபலிப்பான், ஹலோஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. அங்கே வேறொன்றை வைத்தால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், பனி பெய்யும்போது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பனியைத் தடுத்துக்கொண்டிருந்த வெப்பத்தையும் நீங்களே இழந்துவிட்டீர்கள்.

அவரே மீண்டும்: ஹலோஜனும் பனியில் மூடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெப்பம் காப்பாற்றுகிறது என்பது கராஜ்காரர்கள் சொல்லும் கதை.

கணக்காகவே பார்ப்போம். பூச்சியப் பாகையில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். விளக்கில் 100 கிராம் படிந்திருக்கிறது, முகத்துக்கு 20 வாட் வெப்பம் கிடைக்கிறது, அதில் எதுவும் காற்றில் போகவில்லை என்று வைத்துக்கொண்டால்கூட, உருக ஏறத்தாழ 28 நிமிடம் ஆகும். ஆகவே தடித்துப் படிந்த கட்டியை ஹலோஜன் விரைவில் உருக்காது என்பதில் நீங்கள் சொல்வது சரி. அதன் வேலை வேறு. விளக்கின் முகத்தைப் பூச்சியத்துக்குச் சற்று மேலே வைத்திருப்பதால், விழும் துகள் ஒட்டுவதற்கு முன்பே நீராகி வழிந்துவிடுகிறது. கட்டி உருவாகாமல் தடுப்பதையே வெப்பம் காப்பாற்றுகிறது என்றேன்.

வடக்கே சட்பரியிலிருந்து: மைனஸ் 25இல் நெடுஞ்சாலை வேகத்தில் அதுவும் நடக்காது. இங்கே எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் குளிரில், அந்தக் காற்றில் ஹலோஜனும் தோற்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அவ்வளவு குளிரில் விழும் பனி பெரும்பாலும் உலர்ந்த தூளாக இருப்பதால் குறைவாகவே ஒட்டும். ரொறன்ரோவைச் சுற்றி நாம் அஞ்ச வேண்டியது பூச்சியத்தை ஒட்டிய நாள்களின் ஈரப் பனியை. அங்கே இரண்டு விளக்குக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

மார்க்கத்து நண்பர் மீண்டும்: பனி விழும் நாட்டில் விற்கும் விளக்கைச் சூடாக்கித் தரும்படி சட்டம் போட முடியாதா?

போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சுவீடனின் சாப் நிறுவனம் 1970களின் தொடக்கத்திலேயே முன்விளக்குக்குத் தனி வைப்பர் பொருத்தியது. ஐரோப்பிய விதிப்படி, தாழ்வெளிச்சத்தின் (லோ பீம்) ஒளிமூலம் தரும் ஒளி 2,000 லூமன் என்ற அளவைத் தாண்டினால் விளக்கைக் கழுவும் கருவி கட்டாயம். அந்த எல்லைக்குள் அடங்கும்படி எல்ஈடியை வடிவமைத்துக் கருவியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. கனடாவில் அந்த அளவுக்குக்கூடக் கட்டாயம் இல்லை. லொறிகளுக்குச் சூடாகும் எல்ஈடி விளக்குகளை ரக்லைற், ஜே.டபிள்யூ. ஸ்பீக்கர் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவை நம் கார்களின் விளக்கு வடிவத்துக்குப் பொருந்துவதில்லை என்பதால் தூரிகையும் துணியும்தான் நமக்கு மிச்சம்.

இந்த வாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன், காத்திருக்கும் கேள்விகள் பல.

ஓஷவாவிலிருந்து: பனியில் உயர்வெளிச்சம் (ஹை பீம்) போடலாமா?

கூடாது. விழும் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும்.

வோனிலிருந்து: விளக்கைத் தானாக எரியும் ‘ஓட்டோ’ நிலையில் விட்டால் போதாதா?

போதாது. பனி பெய்யும் பகலில் சுற்றிலும் வெளிச்சம் இருப்பதால் ஓட்டோ பல வேளைகளில் முழு விளக்கை ஏற்றாது. 1990இலிருந்து இங்கே புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான, பகலில் தானாக எரியும் பகல்விளக்கு, பழைய வாகனங்களில் முன்னால் மட்டுமே எரியும். பின்விளக்கும் சேர்ந்து எரிவதற்கு வழிசெய்யும் விதி புதிய வாகனங்களுக்கு 2021 செப்ரெம்பரில்தான் வந்தது. ஆகவே கையால் திருகி ஏற்றுங்கள். துடைக்கும்போது பின்விளக்கையும் துடையுங்கள். வான் வண்டியிலும் எஸ்யூவியிலும் பின்னால் சுழலும் காற்று பனியை இழுத்து ஒட்டவைக்கும், இருக்கையில் இருந்தபடி அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கிச்சனரிலிருந்து: ராடார் மறைக்கப்பட்டது என்று எச்சரிக்கை வருகிறது.

அது முன்முகச் சின்னத்தின் பின்னாலோ கீழ்ப் பம்பரிலோ இருக்கும், முன்னால் போகும் வாகனத்தின் தூரத்தை அளக்கும் உணரி. வாகனத்தோடு வந்த கையேட்டில் இடத்தைப் பார்த்து மென்மையாகத் துடையுங்கள்.

மில்ற்றனிலிருந்து: எங்கள் தெருவில் எல்லோரும் வெந்நீர்தான் ஊற்றுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், ஊற்றாதீர்கள். மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

லண்டன், ஒன்ராறியோவிலிருந்து: 401 நெடுஞ்சாலையில் போகும்போது மூடிவிட்டால் ஓரமாக நிறுத்தித் துடைக்கலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் விளக்குகள் மூடியிருக்கும் நேரத்தில்தான் பின்னால் வரும் லொறிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், பனியில் அதற்கு வேகத்தைக் குறைக்கவும் இடம் போதாது. வேகத்தைக் குறைத்து வலப்பக்கத் தடத்துக்கு வந்து, அடுத்த வெளியேறும் வழியிலோ ஒன்ரூட் இளைப்பாறும் நிலையத்திலோ இறங்குங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முதலில் பின்விளக்குகளையும் பிறகு முன்விளக்குகளையும் துடையுங்கள். விளக்கை எரியவிட்டுப் பத்தடி முன்னால் நின்று, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வருகிறதா என்று பார்த்த பிறகே புறப்படுங்கள்.