நேற்று எஸ்டிஏ, இன்று எஸ்டிபி!

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க். அதில் ஒன்றை நேற்று எஸ்டிஏ (sda) என்று காட்டியது, இன்று எஸ்டிபி (sdb) என்கிறது. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், டிஸ்க் செருகும் பல போர்ட்டுகளில் ஒரே நேரத்தில் தேடுகிறது; பந்திக்கு முந்துகிறவருக்கு முதல் இலை என்பதுபோல, முதலில் அகப்படும் டிஸ்க் எஸ்டிஏ. அந்தப் பெயரை, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது (மவுண்ட்) என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதுவதுதான் வம்பு. 'பிஎல்கேஐடி' (blkid) கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகியாக ஓட்டினால் டிஸ்க்கின் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் (பிரிவுக்கும்) உரிய தனி அடையாள எண்ணான யூயூஐடி (UUID) வரும், பெயருக்குப் பதில் அதையே போடுங்கள். யூஎஸ்பி டிஸ்க் என்றால் அந்த வரியில் 'நோஃபெயில்' (nofail) என்ற சொல்லையும் சேர்ப்பது அவசியம். சேர்க்காவிட்டால், டிஸ்க் செருகாத நாளில், கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, கோளாறைச் சரிசெய்வதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஃபார்மேட் செய்தால் யூயூஐடி மாறிவிடும், கோப்பையும் திருத்துங்கள். அப்படியே நகலெடுத்த குளோன் டிஸ்க்கில் அதே எண்ணே இருக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டிவைத்தால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது.